விழுந்த வேம்பின் முண்டை என்ன செய்வது?

கேள்வி: எங்கள் தோட்டத்துக் கிணற்று மேட்டில் தாத்தா காலத்திலிருந்து நின்ற வேப்பமரம் சென்ற வாரக் காற்றில் சாய்ந்துவிட்டது. அடிமரத்தில் இடுப்பு உயரத்தில், பெரிய பானையைக் கவிழ்த்து ஒட்டியதுபோல் ஒரு முண்டு இருக்கிறது. மரக்கடைக்காரர் மரத்துக்கு நல்ல விலை சொல்கிறார். முண்டு மட்டும் விறகுக்குத்தான் ஆகும் என்கிறார். வெளிநாடுகளில் இதை ‘பர்ல்’ என்று தேடித் தேடி வாங்குகிறார்களாமே, உண்மையா? தாத்தா ஞாபகமாக ஒரு கிண்ணமாவது செய்துகொள்ள முடியுமா? (திண்டுக்கல் மாவட்ட வாசகர் ஒருவர்)

பதில்: மரம் விழுந்து ஒரு வாரம் ஆகிவிட்டது என்பதால், அவசரமான வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். முண்டை விறகுக்குக் கொடுக்க வேண்டாம், பலகையாக அறுக்கவும் வேண்டாம். அடிமரத்திலிருந்து எடுக்கும்போது முண்டுக்கு மேலும் கீழும் ஒரு சாண் மரம் விட்டு அறுக்கச் சொல்லுங்கள். வாள் பட்ட முகங்கள் முழுவதிலும் அன்றைக்கே மெழுகு பூசிவிடுங்கள். உடைந்த மெழுகுவத்திகளை ஒரு டப்பாவில் போட்டு, அந்த டப்பாவைக் கொதிநீரில் வைத்து உருக்கினால் போதும். டப்பாவை நேரே அடுப்பில் வைத்தால் மெழுகு தீப்பிடிக்கும். பிறகு, பட்டையோடு அப்படியே, வெயில் படாத இடத்தில் இரண்டு கட்டைகளின்மேல் தூக்கி வையுங்கள். இவ்வளவு செய்துவிட்டால் மற்றதை நிதானமாக யோசிக்கலாம்.

அறுப்பதற்கு முன்னால் இன்னொன்று. கிணற்று மேட்டு வேம்பு என்றால் ஆணி இல்லாமல் இருக்காது. விளக்கு மாட்ட, கயிறு கட்ட, வேண்டுதலுக்கு என்று யாராவது எப்போதோ அடித்திருப்பார்கள். பட்டை அதன்மேல் வளர்ந்து மூடியிருக்கும். ஒரு நல்ல காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு மரத்தை ஒட்டி மெல்ல நகர்த்திப் பாருங்கள். ஆழத்தில் கிடக்கும் ஆணி காந்தத்துக்கு அகப்படாமல் போகலாம். அறுத்த முகத்தில் நீலமோ கருப்போ ஓடிய கறை தெரிந்தால் பக்கத்தில் இரும்பு இருக்கிறது என்று வாளை நிறுத்திவிடுங்கள்.

இனி, அந்த முண்டு என்ன என்பதைப் பார்க்கலாம். அதை மரத்துக்கு வந்த புற்றுநோய் என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. முண்டுக்குள் இருப்பதும் மரந்தான். முண்டோடு மரம் பல பத்தாண்டுகள் நன்றாக வாழும். உங்கள் வேம்பும் வாழ்ந்திருக்கிறது. பட்டைக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் மொட்டுகள் உறங்கிக்கொண்டிருக்கின்றன. கிளை முறிந்தாலோ தீப்பட்டாலோ துளிர்ப்பதற்கென்று மரம் வைத்திருக்கும் சேமிப்பு அவை. கிளைகளை வெட்டி மொட்டையாக்கிய வேம்பு அடுத்த மழைக்குள் தண்டெங்கும் தளிர் குத்துவதைப் பார்த்திருப்பீர்கள், அந்த மொட்டுகள்தான். காயம், பூச்சி, பூஞ்சை என்று ஏதோ ஒன்று தூண்ட, ஓரிடத்தில் அவை நூற்றுக்கணக்கில் பெருகிவிடுகின்றன. பெருகியும் கிளையாக நீள்வதில்லை. மரம் பருக்கப் பருக்க ஒவ்வொரு மொட்டும் ஆண்டுதோறும் வெளிப்பக்கம் நகர்ந்து வருகிறது. வந்த வழியில் ஊசி கனத்தில் ஒரு கணு நீள்கிறது. மேல்நோக்கி நேராக ஓட வேண்டிய மரநார் இத்தனை கணுக்களையும் சுற்றி வளைந்து வளைந்து போகிறது. கூழாங்கற்களுக்கு இடையில் ஓடைநீர் சுழித்துப் போவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். முண்டின் அழகு, அதன் தொல்லை இரண்டுமே இந்தச் சுழிப்பிலிருந்து வருகின்றன.

உங்களுடையது அசல் கண்முண்டுதானா, அதாவது ‘கண்’ எனப்படும் அந்த மொட்டுக்கணுக்கள் நிறைந்ததுதானா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். பட்டையை உரிக்க வேண்டாம் என்பதற்கு இந்த ஒரே ஒரு விலக்கு. முண்டின் வயிற்றுப் பகுதியில் பெருவிரல் அகலத்துக்கு மட்டும் உளியால் நெம்பி எடுத்து, அடியில் தெரியும் ஈர மரத்தை விரலால் தடவிப் பாருங்கள். முள்முள்ளாகக் குத்தினால் உள்ளே கண்கள் நிறைந்திருக்கின்றன. நெம்பி எடுத்த பட்டைத் துண்டைத் திருப்பினால், அந்த முள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குழி, அச்சில் வார்த்ததுபோல் பொருந்தியிருக்கும். தடவும்போது வழுவழுப்பாக, அலையலையாக இருந்தால் கண் குறைவு, சுழிரேகை மட்டும் இருக்கும். அதுவும் நல்ல மரமே. முன்பு எப்போதோ முறிந்த கிளையை மூடி வளர்ந்த வெறும் புடைப்பாகவும் இருக்கலாம். அப்படியானால் உள்ளே உளுத்த குச்சி ஒன்றுதான் கிடைக்கும். மண்ணோரத்தில் பாக்டீரியாவால் வரும் கழலை வேறு வகை. அது தக்கைபோல் பொதபொதவென்று இருக்கும், கடைசலுக்கு ஆகாது.

மரக்கடைக்காரர் உங்களை ஏமாற்றுவதாக நினைக்க வேண்டாம். அவர் கணக்கு கதவு நிலைக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் உரியது. அந்த வேலைக்கு நேர்ரேகை வேண்டும். பாரத்தைத் தாங்குவது நீளவாக்கில் ஓடும் நார். முண்டில் அது கிடையாது. முண்டில் நாற்காலிக் கால் செய்தால் என்றாவது ஒருநாள் படக்கென்று ஒடியும். சொப்புச் சாமான் கடைபவர்களும் ஒரே சீரான மரத்தைத்தான் விரும்புவார்கள். ஆக, பாரம் தாங்காத, கண்ணுக்கும் கைக்கும் மட்டுமேயான பொருளுக்கு உகந்த மரம் இது. அந்த ஓரிடத்தில் இதற்கு ஈடாக வேறு எதையும் நான் பார்த்ததில்லை. நேர்ரேகைப் பலகையில் ஓரடியைப் பார்த்தால் மீதி ஒன்பதடியும் எப்படியிருக்கும் என்று சொல்லிவிடலாம். முண்டில் அரை அங்குலம் சீவினால் வேறு படம் வரும். நார்நுனிகள் எல்லாத் திசையிலும் நிற்பதால், எண்ணெய் பட்டதும் ஓரிடம் இருண்டு, பக்கத்து இடம் மின்னும். கிண்ணத்தைக் கையில் திருப்பினால் இருண்டது மின்னும், மின்னியது இருளும். கடைசல்காரர்கள் மயங்குவது இதில்தான்.

இந்த மயக்கம் பழையது. மொராக்கோவிலும் அதையொட்டிய வடஆப்பிரிக்காவிலும் வளரும் தூயா மரத்தின் வேர் முண்டில் செய்த மேசைகளுக்கு ரோமானியச் செல்வர்கள் சொத்தையே கொடுத்தார்கள். புகழ்பெற்ற பேச்சாளர் சிசரோ அப்படிப்பட்ட ஒரு மேசையை 5,00,000 செஸ்டர்சு (ரோமானிய நாணயம்) கொடுத்து வாங்கியதை, முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். வரிவரியாக ஓடினால் புலி, சுழித்தால் சிறுத்தை என்று ரேகைக்கே பெயர் வைத்திருந்தார்கள். முத்து நகைக்குச் செலவழிக்கிறாய் என்று கணவர்கள் குறை சொன்னால், உங்கள் மேசை மட்டும் என்னவாம் என்று மனைவிகள் திருப்பிக் கேட்பார்களாம். அதையும் அவரே குறித்திருக்கிறார். மொராக்கோவின் எஸ்ஸவீரா நகரத்துப் பட்டறைகளில் இன்றும் இதே தூயா முண்டைக் கடைந்து பெட்டியும் தட்டும் செய்கிறார்கள்.

இந்தோனேசியாவின் அம்பான் தீவின் பெயரால் அழைக்கப்படும் அம்பாய்னா முண்டு, இன்று உலகச் சந்தையில் மிக உயர்ந்த விலை போகும் முண்டுகளில் ஒன்று. சிங்கப்பூரில் சாலையோரம் அங்சானா என்று நிற்கும் மரந்தான் அது. நம் வேங்கையும் செம்மரமும் அதே பேரினத்தைச் சேர்ந்தவை. புகைக்குழாய் செய்யும் பிரையர் என்பதும் மத்தியதரைக்கடல் ஓரத்தில் வளரும் ஒரு புதரின் வேரடி முண்டே. நெருப்பைத் தாங்கும் மரம் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ரோல்ஸ் ராய்ஸ், பென்ட்லி கார்களின் முன்பலகையில் பளபளக்கும் மரமும் பெரும்பாலும் வால்நட் முண்டுதான். ஆனால் அது கட்டையாக இருப்பதில்லை. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தாளாகச் சீவி, அடுத்தடுத்த இரண்டு தாள்களைப் புத்தகம்போல் விரித்து ஒட்டுவார்கள். ஒன்றின் ரேகை மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பமாகத் தெரியும்.

உங்கள் கிண்ணத்துக்கு வருவோம். எதிலும் முக்கியம், முண்டை எந்தத் திசையில் வெட்டுகிறோம் என்பது. குண்டூசி குத்திய பஞ்சுமெத்தையை நினைத்துக்கொள்ளுங்கள். கணுக்கள் எல்லாம் உள்ளிருந்து வெளியே நோக்கி நிற்கின்றன. வெளிப்பரப்புக்கு இணையாகச் சீவினால் ஊசித்தலைகள், அதாவது கண்கள், பொட்டுப் பொட்டாகத் தெரியும். நெட்டுக்குத்தாகப் பிளந்தால் ஊசிகள் கோடுகோடாகத் தெரியும். எனவே முண்டின் வெளி வளைவே கிண்ணத்தின் அடிவளைவாக வரும்படி கடைந்தால், கையில் ஏந்தும் பக்கம் முழுக்கக் கண்களாக இருக்கும். திருப்பிப் போட்டு, பட்டைப் பக்கம் வாய்விளிம்பாக வரும்படி கடைந்தால், இயற்கையான கரடுமுரடு விளிம்பு கிடைக்கும். ஆனால் கண்கள் கோடுகளாகிவிடும். உங்கள் மரத்துக்கு நான் முதல் முறையைச் சொல்வேன்.

கட்டில் கால், தொட்டில் கம்பு கடைந்து தரும் பட்டறை உங்கள் ஊர்ப்பக்கம் இருக்கும். அங்கே சொல்ல வேண்டியது இது: பச்சையாக இருக்கும்போதே தடிப்பாகக் கடைந்து உலரவிட்டு, பிறகு மெல்லியதாக முடிக்க வேண்டும். விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு சுவர்க் கனம் என்பது கணக்கு. 25 சென்டிமீட்டர் கிண்ணத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர். முண்டு ஒரு பக்கம் கனத்துச் சுழலும் என்பதால், எந்திரம் நிமிடத்துக்கு 500 சுற்றுக்கும் குறைவாகவே தொடங்க வேண்டும். சுற்றும்போது பட்டைத் துண்டு பிய்ந்து முகத்தில் அடிக்கும், முகக்கவசம் இல்லாமல் அருகில் நிற்க வேண்டாம். மரத்தூளுக்கும் ஒரு நல்ல மூக்குக்கவசம் போடுங்கள். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது.

தடிப்பாகக் கடைந்ததை மெழுகு பூசி, செய்தித்தாளில் சுற்றி, சாக்குப்பையில் போட்டு நிழலில் வையுங்கள். வாரம் ஒருமுறை தராசில் நிறுத்து, தேதியோடு சுவரிலோ நோட்டிலோ எழுதுங்கள். முதல் வாரங்களில் எடை மளமளவென்று குறையும். தொடர்ந்து ஒரு மாதம் எடை மாறாமல் நின்றால் உலர்ந்துவிட்டது. ஆறு மாதம் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம். முண்டுக்கு ஓர் அனுகூலம் உண்டு. நார் ஒன்றோடொன்று பின்னியிருப்பதால் நேர்மரத்தைப்போல் சுலபத்தில் பிளக்காது. மாறாக, அங்கங்கே சுருங்கி, நெளிந்து, முகம் முழுக்கச் சின்னச் சின்ன மேடுபள்ளமாகும். பலருக்கு அந்த நெளிவு பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். அப்படியே விட்டுவிடுவதுண்டு.

இறுதி வேலையில் இழைப்புளியை மறந்துவிடுங்கள். நான் ஒரு புளிய முண்டை இழைத்தபோது முதல் மூன்று இழுப்பு கண்ணாடிபோல் வந்தது. நான்காவதில் எதிர்நார் பிடுங்கிக்கொண்டு, ஒவ்வொரு கண்ணும் ஒரு பள்ளமாகிவிட்டது. தீட்டிய எஃகுத் தகட்டால் சுரண்டுவதும் உப்புத்தாளால் தேய்ப்பதுமே இதற்குச் சரி. இடையில் பொந்தோ உள்ளே மாட்டிய பட்டையோ தெரிந்தால், மரத்தூளோடு எப்பாக்சி பசை கலந்து அடைக்கலாம். பார்வைக்கு மட்டும் என்றால் திறந்தே விட்டாலும் அழகுதான். வெளிப்பக்கத்து வெள்ளை மரம் உளுக்கக்கூடியது. அடியில் மாவுபோல் தூள் கொட்டுகிறதா என்று முதல் வருடம் முழுக்கப் பாருங்கள்.

பூச்சுக்குப் பச்சை ஆளிவிதை எண்ணெய் போதும். மெல்லிய பூச்சாக, ஒவ்வொன்றுக்கும் இடையில் சில நாள் காயவிட்டு, நான்கைந்து முறை பூசுங்கள். நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் காய்ந்து இறுகாது, பிசுபிசுப்பாகவே நிற்கும். கடைகளில் ‘காய்ச்சியது’ என்று விற்கும் ஆளிவிதை எண்ணெயில் உலோக உப்புகள் சேர்ந்திருக்கும், பண்டம் வைக்கிற கிண்ணத்துக்கு வேண்டாம். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பற்றும். வெளியே கொடியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது நீரில் ஊறவையுங்கள்.

விலையைப் பற்றிக் கேட்டீர்கள். வெளிநாட்டில் பெயர்பெற்ற முண்டுகளின் விலையை வேப்ப முண்டுக்குப் பொருத்த முடியாது. அதற்கென்று இங்கே நிலையான சந்தை இல்லை. விற்பதைவிட வைத்துக்கொள்வதே உங்களுக்கு லாபம் என்பது என் கருத்து.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நிற்கும் மரத்தின் முண்டில் கைவைக்காதீர்கள். அதை வெட்டினால் தண்டில் ஆறாத பெரும்புண் திறந்து, அழுகல் அதன் வழியே உள்ளே இறங்கும். கலிபோர்னியாவில் ரெட்வுட் என்னும் வானுயர்ந்த மரங்கள் நிற்கும் ரெட்வுட் தேசியப் பூங்காவில் இரவோடு இரவாக முண்டுகளை அறுத்துத் திருடியதால், 2014-இல் காட்டுக்குள் போகும் சாலை ஒன்றையே இரவில் மூட வேண்டியதாயிற்று. ரெட்வுட் மரம் தீயில் கருகினாலும் மறுபடி துளிர்ப்பது பெரும்பாலும் அடிமுண்டிலிருந்துதான். திருடர்கள் எடுத்துப்போனது அதைத்தான்.

உங்கள் வேம்பு தானாக விழுந்தது, அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம். வேர் முழுவதும் பிடுங்கிக்கொள்ளவில்லையென்றால் அடிக்கட்டையைத் தோண்டி எடுக்காமல் விட்டுவைத்துப் பாருங்கள். மழை பெய்ததும் அதில் துளிர் வரக்கூடும். கிண்ணத்துக்கு அறுத்தபின் மிஞ்சும் துண்டுகளையும் எறிய வேண்டாம். கத்திப்பிடிக்கும் சாவிக்கொத்துக்கும் உள்ளங்கை அளவே போதும். வீட்டில் எத்தனை பேரன் பேத்திகள் என்று எண்ணி, மெழுகு பூசி, ஆளுக்கொன்றாக எடுத்து வையுங்கள்.