மாத்திரை முதலில், காபி பிறகு: ஹார்மோன் குறித்த வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மும்பையிலும் அதன் புறநகர்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களிலிருந்து வந்தவை. "ஹார்மோன் சமநிலை தவறிவிட்டது" என்ற வரி ஏறக்குறைய எல்லாக் கடிதங்களிலும் இருக்கிறது. எந்தச் சுரப்பி, எந்த ஹார்மோன், எப்போது எடுத்த இரத்தம் என்பவை தெரியாமல் அந்த வரியை மட்டும் வைத்து எந்த மருத்துவராலும் பதில் சொல்ல இயலாது. ஆகவே விவரமாக எழுதப்பட்ட கடிதங்களையே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 38. மூன்று ஆண்டுகளாகத் தைராய்டு மாத்திரை 75 மைக்ரோகிராம் சாப்பிட்டு வருகிறேன். ஒரு நாளும் விட்டதில்லை. ஆனாலும் டி.எஸ்.எச். சென்ற முறை 6.8, இந்த முறை 9.2. விடியற்காலையில் எழுந்து சமையலை முடித்து, தைராய்டு மாத்திரையையும் இரத்தசோகைக்கான இரும்புச்சத்து மாத்திரையையும் காபியோடு சேர்த்து விழுங்கிவிட்டு லோக்கல் ரயிலைப் பிடிக்க ஓடுவேன். அளவை 100 ஆக்கச் சொல்கிறார்கள். தைராய்டு ஏறிக்கொண்டே போகும்போது மாத்திரையைக் குறைக்கத்தானே வேண்டும்? (வாசகி, டோம்பிவிலி)

பதில்: சகோதரி, முதலில் உங்கள் கடைசிக் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் படித்தவர்களும் இதில் குழம்புகிறார்கள். டி.எஸ்.எச். தைராய்டு சுரப்பியிலிருந்து வருவதன்று. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, இரத்தத்தில் தைராக்சின் (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்; உங்கள் மாத்திரையில் இருப்பதும் அதுவே) குறைந்திருப்பதை உணர்ந்து, "இன்னும் சுர" என்று தைராய்டுக்கு அனுப்பும் கட்டளை அது. கட்டளையின் குரல் உயர்ந்துகொண்டே போகிறதென்றால், தைராக்சின் போதவில்லை என்று பொருள். எனவே மாத்திரையைக் குறைக்கக் கூடாது.

ஆனால் உடனே கூட்டவும் வேண்டாம் என்பதே என் கருத்து. நீங்கள் விழுங்கும் 75 மைக்ரோகிராமில் ஒரு பகுதி இரத்தத்தில் சேரவே இல்லை. இரும்புச்சத்து குடலிலேயே தைராக்சினோடு பிணைந்து அதை உட்கிரகிக்க விடாமல் தடுக்கிறது. கால்சியம் மாத்திரையும் அப்படியே. காபியும் தன் பங்குக்கு அதைக் குறைக்கிறது. தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து, காபி மூன்றும் ஒரே வாயில் போகும்போது, அளவை 100 ஆக்கினாலும் அதிலும் ஒரு பங்கு வீணாகும். பின்னொரு நாள் இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தினால், கூட்டி வைத்த அளவு முழுவதும் உடலில் ஏறி, நெஞ்சு படபடப்பும் தூக்கமின்மையும் வரும். அது நீண்ட நாள் தொடர்ந்தால் எலும்பும் வலுவிழக்கும்.

நீங்கள் செய்யவேண்டியது இதுதான். எழுந்தவுடன், அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே, வெறும் தண்ணீரில் தைராய்டு மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள். சமையலை முடித்துக் காபி குடிப்பதற்குள் எப்படியும் முக்கால் மணி நேரமாவது கடந்துவிடும். குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி இடைவெளி போதுமானது. இரும்புச்சத்து மாத்திரையை அலுவலகத்தில் மதிய உணவு நேரத்துக்கு மாற்றிவிடுங்கள், ஏனெனில் இரண்டுக்கும் இடையே நான்கு மணி நேரமாவது இருக்க வேண்டும். நெஞ்செரிச்சலுக்காகத் தினமும் மாத்திரை போடுபவராக இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், அதுவும் தைராக்சின் உட்கிரகிப்பைக் குறைக்கக்கூடியது. காலை நேரம் எப்படியும் ஒத்துவராது என்றால், இரவு உணவு முடிந்து மூன்று மணி நேரத்துக்குப் பிறகு படுக்கும்போது போட்டுக்கொள்வதும் பயனளிக்கும். புட்டியைச் சமையலறை அலமாரியில், அடுப்புச் சூடும் ஆவியும் படும் இடத்தில் வைக்காதீர்கள். மும்பையின் மழைக்கால ஈரப்பதத்தில் இதை நான் வற்புறுத்தியே சொல்வேன்.

இப்படி ஆறு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்ட பிறகே மறுபடி டி.எஸ்.எச். பாருங்கள். தைராக்சினின் அளவு இரத்தத்தில் பாதியாகக் குறைவதற்கே ஏறக்குறைய ஏழு நாள் ஆகும் என்பதால், மாற்றம் நிலைபெற அத்தனை வாரங்கள் தேவைப்படுகின்றன. பத்து நாளில் எடுக்கும் பரிசோதனை பணவிரயம். முடி உதிர்வுக்காகப் பயோட்டின் சாப்பிடுபவர்கள் இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பாவது அதை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் முடிவு தவறாக வரலாம். ஆறு வாரத்துக்குப் பிறகும் டி.எஸ்.எச். உயர்ந்தே இருந்தால், அப்போது அளவைக் கூட்டுவதில் தயக்கம் வேண்டியதில்லை. கருவுற எண்ணம் இருந்தால் மட்டும் ஆறு வாரம் காத்திருக்காமல் இப்போதே மருத்துவரைப் பாருங்கள், ஏனெனில் கர்ப்பத்தின் முதல் வாரங்களிலேயே தேவை கால் பங்கு முதல் அரைப் பங்கு வரை கூடிவிடும்.

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. பன்னிரண்டரை வயதில் பெரியவளானாள். மாதவிலக்கு 40 நாள், சில சமயம் 44 நாள் கழித்தே வருகிறது. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) என்று எழுதியிருக்கிறார்கள். ஹார்மோனைச் சரிசெய்யும் மூலிகைப் பொடி ஒன்றைப் பக்கத்துக் கட்டடத்து மாமி கொடுத்திருக்கிறார். கொடுக்கலாமா? (ஒரு தாய், மாட்டுங்கா)

பதில்: அம்மா, அந்த ஸ்கேன் தாளை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். இந்த வயதுப் பெண்ணின் சினைப்பையில் நிறைய சிறு முட்டைப்பைகள் தெரிவது இயல்பு. முதல் மாதவிலக்கிலிருந்து எட்டு ஆண்டுகள் ஆகும் வரை ஸ்கேனை வைத்து பிசிஓடி என்று முடிவு செய்யக்கூடாது என்பதே பன்னாட்டு வழிகாட்டுதல். பெரியவர்களுக்கே கூட, 2003-இல் ராட்டர்டாமில் வகுக்கப்பட்ட அளவுகோலின்படி, ஒழுங்கற்ற மாதவிலக்கு, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் தெரியும் மாற்றம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருந்தாக வேண்டும். மாதவிலக்கு தொடங்கிய ஓராண்டுக்குப் பிறகு மூன்றாண்டு வரை 21 முதல் 45 நாள் இடைவெளி இயல்பானதே. உங்கள் மகள் அந்த எல்லைக்குள் இருக்கிறாள்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை வேறு. 90 நாள் கடந்தும் மாதவிலக்கு வராமலிருப்பது, மேலுதட்டிலும் தாடையிலும் கனமான முடி வளர்வது, அடங்காத முகப்பரு, கழுத்தின் பின்புறம் வெல்வெட் போலக் கறுத்துத் தடிப்பது ஆகியவற்றுள் ஏதேனும் தென்பட்டால் அழைத்துச் செல்லுங்கள். அந்தக் கறுப்பைப் பல வீடுகளில் அழுக்கு என்று எண்ணிப் பீர்க்கங்காய் நாரால் தேய்க்கிறார்கள். அது தேய்த்தால் போகாது. உடலில் இன்சுலின் சரிவர வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளம் அது; தேவைக்கு மேல் சுரக்கும் இன்சுலினே சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது.

பொடியைக் கொடுக்காதீர்கள். என்ன கலந்திருக்கிறது, எவ்வளவு கலந்திருக்கிறது என்று எழுதப்படாத எதையும் வளரும் பெண்ணுக்குக் கொடுக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். மாலையில் டியூஷனுக்கு முன் ஒரு மணி நேரம் அவள் ஓடி ஆட இடம் கொடுங்கள், வடா பாவுக்குப் பதிலாக வாரத்தில் சில நாளாவது சுண்டல் கொடுத்தனுப்புங்கள், இரவில் கைப்பேசியை வாங்கி வைத்து எட்டு மணி நேரம் தூங்கவிடுங்கள். அவள் காதுபட "உனக்கு நோய்" என்று யாரும் சொல்லவேண்டாம்.

கேள்வி: வயது 41. ஐரோலியில் பத்து ஆண்டுகளாக இரவுப் பணி. எப்போதும் சோர்வு, தொப்பை, இல்லற நாட்டமும் குறைந்துவிட்டது. டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் சரியாகும் என்று விளம்பரம் பார்த்தேன். எங்களுக்கு இரண்டாவது குழந்தை வேண்டும் என்ற ஆசையும் உண்டு. (வாசகர், செம்பூர்)

பதில்: குழந்தை வேண்டும் என்பவர் அந்த ஊசியைத் தொடவே கூடாது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் பிட்யூட்டரி தன் தூண்டுதலை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி வெகுவாகக் குறைந்து, சிலருக்கு முற்றிலுமாக நின்றே போகும்.

இந்த ஹார்மோன் பொதுவாகக் காலையில் உச்சத்தில் இருக்கும் என்பதால், வெறும் வயிற்றில், தூங்கி எழுந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் இரத்தம் எடுக்க வேண்டும். பணி முடிந்து கண் சிவக்க வரும் வழியில் கொடுத்தால் குறைவாகத்தான் காட்டும். உங்களைப் போன்றோர் தொடர்ந்து நன்றாகத் தூங்கிய நாள்களுக்குப் பிறகு, எழுந்த நேரத்தைக் கணக்கிட்டு, இரு வேறு நாள்களில் பரிசோதிக்க வேண்டும். அதற்கு முன்பு சர்க்கரை, டி.எஸ்.எச். இரண்டையும் பாருங்கள். இடுப்புச் சுற்றளவை அளந்து, 90 சென்டிமீட்டரைத் தாண்டுகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். தூக்கத்தில் குறட்டையும் இடையில் மூச்சு நிற்பதும் உண்டா என்று மனைவியிடம் கேளுங்கள், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவோருக்கு இந்தச் சோர்வு வெகு சாதாரணம். எடை குறையும்போது டெஸ்டோஸ்டிரோன் தானாக ஏறுவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். பகலில் தூங்கும் அறையை அடர்ந்த திரையால் இருட்டாக்குங்கள், இரவு இரண்டு மணிச் சாப்பாட்டைச் சிறிதாக்குங்கள். பகல் பணிக்கு மாற வாய்ப்பு வந்தால் சம்பளத்தில் சிறிது குறைந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லவே என் மனம் விரும்புகிறது.

கேள்வி: தைராய்டுக்கு இந்துப்பு நல்லதா? முட்டைகோஸை விட்டுவிட வேண்டுமா? (வாசகி, முலுண்ட்)

பதில்: அயோடின் சேர்க்கப்படாத இந்துப்பில் தைராய்டுக்குப் பயன்படும் அளவு அயோடின் இல்லை. அயோடின் கலந்த சாதாரணத் தூள் உப்பே போதும். மூடி போட்டு, அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். வேகவைத்த முட்டைகோஸ் பொரியலை அளவோடு சாப்பிடலாம்.

கேள்வி: வயது 53. மாதவிலக்கு நின்று ஒன்றரை ஆண்டு ஆகிறது. சென்ற மாதம் இரண்டு நாள் சிறிது இரத்தப்போக்கு இருந்தது. ஹார்மோன் மறுபடி சுரக்கிறது, உடம்புக்கு நல்லதுதான் என்கிறார் நாத்தனார். (வாசகி, தாராவி)

பதில்: அம்மா, இதை நல்லதென்று எண்ணி விட்டுவிடாதீர்கள். பன்னிரண்டு மாதம் முழுமையாக நின்றபின் ஒரு துளி வந்தாலும் பரிசோதித்தே ஆக வேண்டும். பெரும்பாலானோருக்கு அது வறட்சியாலோ சிறு சதை வளர்ச்சியாலோ வருவது. சிலருக்குக் கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியும் அதுவே. அந்த நிலையில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் அறுவை சிகிச்சையிலேயே குணமாகக்கூடியது. ஸ்கேனில் கருப்பையின் உட்சுவர்த் தடிமனைப் பார்த்து, தேவையானால் சிறிது திசு எடுத்துச் சோதிப்பார்கள். உங்களுக்கு மிக அருகில் இருப்பது சயானில் உள்ள மாநகராட்சி மருத்துவமனை. இந்த வாரமே காலையில் மகளிர் நோய்ப் பிரிவுக்குச் செல்லுங்கள். கடைசி மாதவிலக்கு எப்போது நின்றது, சென்ற மாதம் எந்தத் தேதியில் இரத்தம் பட்டது, தினமும் சாப்பிடும் மாத்திரைகள் என்னென்ன என்பவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.