கொதிநீர் வைரஸ்களின் மூதாதை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வைரஸ்களின் தொன்மை குறித்த உங்கள் கட்டுரையை வாசித்தேன். உயிரணுவின் துணையின்றி வைரஸ் பெருகாது என்றால், அது உயிரணுவுக்குப் பின்னர்தானே தோன்றியிருக்க வேண்டும்? அந்தந்த உயிரினத்திலிருந்து தப்பி வெளியேறிய மரபணுக்களே வைரஸ்கள் என்றுதான் கல்லூரியில் படித்தேன். வெந்நீரூற்று வைரஸ்களைக் கொண்டு அதை எப்படி மறுக்கிறீர்கள்?

ம.

அன்புள்ள ம.,

உயிரணுவுக்குப் பின்னரே வைரஸ் என்பதை நான் மறுக்கவில்லை. முதல் உயிரணுக்கள் உருவான பிறகு, பாக்டீரியா, அதைப் போலவே ஓரணு நுண்ணுயிர்களான ஆர்க்கியா, நம்மை உள்ளடக்கிய மெய்க்கருவுயிரிகள் எனக் கிளைகள் பிரிவதற்கு முன்பே சில வைரஸ் மரபுகள் இருந்திருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

அமெரிக்காவின் எல்லோஸ்டோனில், 80 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடும் எலுமிச்சைச் சாற்றுக்கு நெருங்கிய புளிப்பும் உள்ள ஊற்றுகளில் சல்ஃபோலோபஸ் என்னும் ஆர்க்கியா வாழ்கிறது. அதைத் தொற்றும் ஒரு வைரஸை மொன்டானா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-இல் விவரித்தார்கள். இருபது முகங்களுள்ள உறை. அதன் பன்னிரண்டு முனைகளிலும் சிறு கோபுரங்கள். உறைப்புரதத்தை நெருங்கிப் பார்த்தால், எட்டெட்டு இழைகளாலான இரண்டு பீப்பாய்கள் ஒட்டி நிற்கின்றன. அத்தகைய மூன்று புரதங்கள் சேர்ந்து ஓர் அறுகோணத் தூணாகின்றன. மனிதருக்குச் சளியும் காய்ச்சலும் தரும் அடினோவைரஸிலும், பாக்டீரியாவைத் தொற்றும் பிஆர்டி1 வைரஸிலும் இதே தூண்தான் இருக்கிறது. அவ்விரண்டின் ஒற்றுமை 1999-லேயே தெரிந்திருந்தது. ஆர்க்கியாவிலும் அது கிடைத்ததுதான் என்னை உலுக்கியது. அமினோ அமில வரிசையில் உறவு ஏறக்குறைய அழிந்துவிட்டது. சொற்கள் முழுதும் மாறியும் யாப்பு மாறாத பாடலைப் போல, புரதம் மடிந்து நிற்கும் வடிவம் மட்டும் நிலைத்திருக்கிறது.

மரபணுக்கள் ஒவ்வொரு கிளையிலும் தனித்தனியே தப்பி வைரஸாகியிருந்தால் இப்படி ஒரே தூண் மூன்றிடத்திலும் அமைவது அரிது. வைரஸ்கள் பின்னாளில் கிளைவிட்டுக் கிளை தாவியிருக்கலாம் என்ற வாதத்தை முற்றாகத் தள்ள இயலாது என்றாலும், பொது மூதாதை என்ற விளக்கமே எனக்கு வலுவாகத் தெரிகிறது.

நீங்கள் படித்ததும் வீணன்று. உறைப்புரதங்கள் பலமுறை உயிரணுப் புரதங்களிலிருந்தே பெறப்பட்டன என்று வைரஸ் பரிணாம ஆய்வாளர்களான குருபோவிச்சும் கூனினும் 2017-இல் வாதிட்டார்கள். இத்தாலியின் பொட்சுவோலி வெந்நீரூற்றில் கிடைத்த எலுமிச்சை வடிவ வைரஸையும் எண்ணிப் பாருங்கள்: ஆர்க்கியாவை விட்டு வெளியேறிய பிறகு, உயிரணு எதுவும் அருகில் இல்லாமலேயே, போதிய சூடு இருந்தால் இரு முனைகளிலும் வால் வளர்த்துக்கொள்கிறது. அந்த எலுமிச்சை வடிவம் ஆர்க்கியாவின் வைரஸ்களுக்கு வெளியே காணப்படவில்லை. அடினோவைரஸுக்குப் பொருந்தும் என் விடை இதற்குப் பொருந்தாது. அங்கே உங்கள் கேள்வி அப்படியே நிற்கிறது.