புரோக்கரிடம் சொல்லி வைத்திருக்கும் வீட்டை உரிமையாளரிடமே நேரடியாகப் பேசி வாங்கலாமா?

வாங்கலாம். நீங்கள் எதிலும் கையெழுத்துப் போடாதவரை, கமிஷன் என்பது உரிமையாளருக்கும் புரோக்கருக்கும் உள்ள கணக்கு. எழுத்தில் ஏதாவது இருந்தாலும் அது உரிமையாளரைத்தான் பிடிக்கும். ஆனால் அந்த வீட்டை உங்களுக்குக் காட்டியதே புரோக்கர் என்றால் கதை வேறு. கேள்வியில் நீங்கள் அதைச் சொல்லவில்லை. காட்டியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் நடந்தது.

2019, சேலையூர் பக்கம் ஒரு தனி வீடு, 62 லட்சம் சொன்னார்கள். புரோக்கர் இரண்டு முறை சாவி வாங்கி வந்து காட்டினார். மொட்டைமாடித் தொட்டி மூடியைக்கூடத் தூக்கிக் காட்டினார், பாவம். மூன்றாவது முறை நான் தனியாகப் போனேன். வீட்டுக்காரர் காபி கொடுத்துவிட்டு, "அவருக்கு நான் ஒரு பர்சன்ட், நீங்க ஒரு பர்சன்ட். எதுக்கு சார்? 61க்கு முடிச்சுக்கலாம்" என்றார். காபியைவிட அது இனித்தது.

30 வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். சுத்தம். பட்டாவும் அவர் பெயரில். 2 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போட்டாயிற்று. பத்து நாள் கழித்து புரோக்கரிடமிருந்து போன். திட்டப்போகிறார் என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன். "சார், தங்கச்சிகிட்ட கையெழுத்து வாங்கிட்டீங்களா?" என்றார்.

எந்தத் தங்கச்சி?

வீட்டுக்காரருடைய தங்கச்சி. அது வீட்டுக்காரருடைய அப்பா வாங்கிய வீடு. அப்பா உயில் எழுதாமல் போய்விட்டார். மகளுக்கும் சம பங்கு உண்டு. அந்தப் பங்கு வில்லங்கச் சான்றில் வராது, ஏனென்றால் அங்கே பதிவான பத்திரம்தான் வரும். வாரிசுச் சான்றிதழைக் கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை. வீட்டுக்காரரைக் கேட்டதற்கு, "அவளுக்குக் கல்யாணத்துலயே எல்லாம் செஞ்சாச்சு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

நாலு மாசம் இழுத்தது. திருச்சியில் இருந்த அந்தம்மாவிடம் நடையாய் நடந்து பேசி, பத்திரத்தில் அவரையும் சேர்த்துக் கையெழுத்துப் போட வைத்தது அதே புரோக்கர்தான். பதிவு அன்றைக்கே 61,000 கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டார். அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

நான் புரோக்கருக்கு வக்காலத்து வாங்கவில்லை. ஒரே வீட்டை மூன்று பேரிடம் மூன்று விலை சொல்லும் ஆட்களையும் பார்த்திருக்கிறேன். நல்ல வக்கீல் இருந்தால் புரோக்கர் எதற்கு என்பீர்கள். சரிதான், ஆனால் நான் வக்கீலுக்கும் செலவு பண்ணவில்லையே. முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 4 என்று அப்போது 11 சதவீதம் அரசுக்கு முணுமுணுக்காமல் கட்டினேன் (இப்போது பதிவுக் கட்டணம் 2). 50 லட்சத்துக்கு மேல் என்பதால் விற்பவர் பணத்தில் 1 சதவீதம் வருமான வரிக்குப் பிடித்தும் கட்டினேன். வெயிலில் அலைந்தவருக்குக் கொடுக்க வேண்டிய ஒன்று மட்டும் வலித்தது.

காட்டியவர் புரோக்கர் என்றால் மூன்று பேரும் உட்கார்ந்து, அரை பர்சன்ட் என்று அடித்துப் பேசுங்கள். ஒளிந்து போகாதீர்கள்.

அப்புறம், கேட்காததையும் சொல்கிறேன். அட்வான்ஸுக்கு 50,000 கைமாற்றுக் கேட்டபோது போனையே எடுக்காத என் மச்சான், கிரகப்பிரவேசத்தில் மூன்றாவது டம்ளர் பாயசத்தோடு நின்று, "நானா இருந்தா 55க்கு முடிச்சிருப்பேன் மாமா" என்றார்.