திட்ட அறிக்கையில் ‘உரிமை அடிப்படை’ என்று இருந்தால் நடைமுறையில் என்ன மாறும்?

கேள்வி: காரைக்குடிப் பக்கத்து ஊரில் வெளிநாட்டு நிதியில் ஊருணி தூர்வாரப் போகிறார்கள். ‘உரிமை அடிப்படையிலான அணுகுமுறை’ என்கிறார்களே, வழக்கமான உதவியிலிருந்து எப்படி வேறு?

பதில்: செட்டிநாட்டில் ஊருணி வெட்டுவது காலங்காலமாகத் தர்மக் காரியம், கொடுத்தவர் நிறுத்திவிட்டால் ஏன் என்று கேட்க முடியாது. இந்த அணுகுமுறையில் தண்ணீர் தருவது அரசின் கடமை, கேட்பது மக்களின் உரிமை. ஐ.நா. அமைப்புகள் 2003-இல் வகுத்த பொதுப் புரிதலின் சாரம், இரு தரப்பையும் அதற்குத் தயார்படுத்துவதே உதவியின் வேலை என்பது. குடிநீர் மனித உரிமை என்று ஐ.நா. பொதுச்சபை 2010 ஜூலையில் தீர்மானமே போட்டது.

ஆகவே பொக்லைன் வருமுன் தெருவாரியாகக் கணக்கெடுக்க வேண்டும்: எந்தத் தெருக்காரர் எந்தப் படித்துறையில் இறங்க முடிவதில்லை? ஊர்ச் சராசரி இதை மறைத்துவிடும். (பெரியவர்களிடம் மட்டும் விசாரித்தால் ‘எல்லாரும்தான் எடுக்கிறாக’ என்பார்கள்.) மதிப்பீட்டுத் தொகையைக் கிராமசபையில் வாசிக்க வேண்டும்.

பெரும்பாலும் சறுக்குவது, தொண்டு நிறுவனம் ஊராட்சியை ஒதுக்கிவிட்டுத் தானே வெட்டிக் கொடுப்பதில்தான். நிதி முடிந்தபின் வரத்துக்காலில் சீமைக்கருவேலம் மண்டினால் பொறுப்பேற்க ஆளிருக்காது. பராமரிப்பை ஊராட்சித் தீர்மானமாக ஏற்றியிருந்தால், தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுக் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும்.