வாக்குமூலமும் வைத்தியமும்

வணக்கம் ஐயா,

நான் சாவகச்சேரியில் ஆசிரியையாக இருக்கிறேன். அம்மாவுக்கு 64 வயது. 2009 மே வரை நாங்கள் வன்னியில்தான் இருந்தோம். அண்ணா அங்கேதான் காணாமல் போனார். கோயில் திருவிழாவில் வெடி கொளுத்தினால் அம்மா இன்றைக்கும் அடுப்படிக்குள் ஓடிப்போய்க் குந்திக்கொள்கிறார். இரவில் படலைச் சத்தம் கேட்டால் எழும்பி லைட் போடுகிறார். நடந்ததைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்ததில்லை. மனதில் இருப்பதைக் கொட்டினால்தான் பாரம் குறையும் என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். அதனால் சில மாதங்களாகப் பின்னேரங்களில் அம்மாவை இருத்திவைத்து, போனில் ரெக்கோர்ட் பண்ணிக்கொண்டு கேட்கிறேன். தலையிடி என்று எழும்பிப் போய்விடுகிறார். இப்போது என்னோடும் சரியாகக் கதைப்பதில்லை. அம்மாவை எப்படிக் கதைக்க வைப்பது? மாத்திரை கொடுத்தால் அடிமையாகிவிடுவாரா? கோயிலில் சாந்தி செய்வித்தால் நல்லதா? அண்ணா இல்லை என்பதை ஏற்றுக்கொள்ளாததுதான் அம்மாவின் வருத்தம் என்கிறார் சித்தப்பா. அது சரியா?

ஆ., சாவகச்சேரி

அன்புள்ள பிள்ளைக்கு,

முதல் வேலையாக அந்தப் போனை எடுத்து அலுமாரிக்குள் வையும். மற்றதைப் பிறகு பார்ப்போம்.

கோபிக்க வேண்டாம். அம்மாவில் உமக்குள்ள அன்பு கடிதம் முழுக்கத் தெரிகிறது. ஆனாலும் நீர் செய்துகொண்டிருப்பதற்குப் பெயர் விசாரணை. விசாரிக்கிறது பெற்ற மகள் என்பதால், எழும்பிப் போக அவவுக்கு வேறு வீடும் இல்லை.

சாந்தி செய்வதென்றால் செய்யும், அம்மா விரும்பினால். மாத்திரையைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தூக்க மாத்திரை வேறு, மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் டொக்டர்மார் மாதக்கணக்கில் எழுதித் தருகிற மாத்திரை வேறு. பழக்கமாகிவிடும் என்று பயப்பட வேண்டியது முதலாவதற்குத்தான். இரண்டாவதை டொக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தக்கூடாது, அவ்வளவே. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. 'விசர் ஆஸ்பத்திரிக்கோ' என்று கேட்கிற சனம் எப்போதும் கேட்கத்தான் போகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் 'கொட்டித் தீர்த்தால் பாரம் குறையும்' என்ற பேச்சோடு எனக்கு நீண்டகாலப் பகை உண்டு.

என்னுடைய மச்சாள் ஒருத்தியின் மகனும் உம்முடைய அண்ணாவைப் போலத்தான். அவளிடம் ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் பைல் இருந்தது. மகனுடைய அடையாள அட்டைப் பிரதி, பாடசாலைத் தேர்ச்சி அறிக்கை, வெள்ளைச் சட்டையோடு எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படம், முறைப்பாடு கொடுத்த துண்டுகள் எல்லாம் அதற்குள். ஆணைக்குழு என்று வந்தார்கள், நிறுவனம் என்று வந்தார்கள், பல்கலைக்கழகப் பிள்ளைகள் கேள்விக்கொத்தோடு வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்வாள். கடைசியில் அது பாடமாக்கின தேவாரம் மாதிரி வரத் தொடங்கியது. ஒரு இடத்தில்கூடக் குரல் தடுமாறாது. வந்தவர்கள் 'எவ்வளவு தெம்பான மனுசி' என்று சொல்லிப் போவார்கள். அன்றிரவு அவள் படுக்கமாட்டாள். பாயைச் சுருட்டி வைத்துவிட்டு விறாந்தைத் தூணோடு சாய்ந்திருப்பாள். ஒரு விசாரணையில் எதிரே இருந்தவர், 'திகதி போனமுறை சொன்னதோடு பொருந்தவில்லையே அம்மா' என்று கேட்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

இந்தத் தீவில் அவளைப்போலத் தன் கதையைக் கொட்டியவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். கொட்டுவதுதான் மருந்து என்றால் அவள் எப்போதோ சுகப்பட்டிருக்க வேண்டும்.

இது வெறும் என் ஆத்திரம் என்று நினைக்காதேயும். பிரித்தானியாவில் தீக்காயப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களைக் கொண்டு செய்த ஆய்வு ஒன்று 1997-இல் வெளிவந்தது. ஒரு பகுதியினரை, விபத்து நடந்து கொஞ்ச நாட்களுக்குள்ளேயே, ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்ல வைத்தார்கள். மற்றவர்களை அப்படியே விட்டார்கள். 13 மாதம் கழித்துப் பார்த்தபோது, சொல்ல வைக்கப்பட்டவர்களில் 26 சதவீதமானோருக்கு, நடந்தது திரும்பத் திரும்ப வந்து வாட்டுகிற மனவடு நோய் (PTSD) இருந்தது. சும்மா விடப்பட்டவர்களில் 9 சதவீதம்தான். முதல் பகுதியில் காயம் கடுமையானவர்கள் சற்றுக் கூடுதலாக இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் ஒரே இருப்பில் சொல்ல வைத்தால் நோய் வராமல் தடுக்கலாம் என்பதற்குப் பின்வந்த ஆய்வுகளிலும் ஆதாரம் கிடைக்கவில்லை. உமது பயிற்சி வகுப்பில் இதைச் சொல்லித் தந்தார்களோ?

அப்படியானால் கதைக்கவே கூடாதா என்று கேட்பீர். கதைக்கலாம். கதை சொல்வதையே அடிப்படையாகக் கொண்ட நல்ல வைத்தியமும் இருக்கிறது. அதிலே ஒரு கயிற்றை நிலத்தில் நீட்டி வைப்பார்கள். அதுதான் ஆயுள். பிறந்ததிலிருந்து தொடங்கி, நல்லது நடந்த இடத்தில் ஒரு பூ, கெட்டது நடந்த இடத்தில் ஒரு கல். பிறகு ஒவ்வொரு அமர்விலும் கொஞ்சம் கொஞ்சமாக வரிசைப்படி சொல்ல, வைத்தியம் செய்பவர் எழுதி, அடுத்தமுறை வாசித்துக் காட்டுவார். கல்லுக்கு முன்னும் பின்னும் வாழ்க்கை இருந்தது என்பது அந்தக் கயிற்றில் தெரியும். 2009 மே மட்டும் தனியாகத் தொங்காது. நீர் அம்மாவிடம் கேட்டதெல்லாம் கற்களை மட்டும்தான். அவவின் கலியாணத்தைப் பற்றி, முதல் பிள்ளை நடந்த நாளைப் பற்றி எப்போதாவது கேட்டிருக்கிறீரா?

சுனாமிக்குப் பிறகு வடகிழக்கு முகாம்களில் 31 பிள்ளைகளுக்கு இந்த வைத்தியத்தையும், தியானமும் மூச்சுப் பயிற்சியும் சேர்ந்த இன்னொன்றையும் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். செய்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள். ஆறே அமர்வு. இரண்டு பகுதிப் பிள்ளைகளும் ஏறத்தாழ ஒரே அளவுக்குத் தேறினார்கள். நடந்ததை வாயால் சொன்ன பிள்ளையும் தேறியது, சொல்லாமல் மூச்சைக் கவனித்த பிள்ளையும் தேறியது! எங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம் யோகாசனத்தையும், நாமம் சொல்வதையும், எண்ணெய் தேய்த்துப் பிடிப்பதையும் வைத்தியத்தோடு சேர்த்தது சும்மா இல்லை. பயம் இருப்பது உடம்பில். வெடிச் சத்தத்துக்கு அடுப்படிக்குள் ஓடுவது அம்மாவின் கால்தான், யோசித்து ஓடுவதில்லை.

மச்சாள் கொஞ்சமாவது தேறியது ஸ்கூட்டியில் வந்த ஒரு உளசமூகப் பணியாளரால். வந்ததும் மச்சாள் பைலை நீட்டினாள். அந்தப் பிள்ளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, திறக்காமலே, 'ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வருது மாமி?' என்று கேட்டது. பிறகு கிணற்றுத் தண்ணீர், முழங்கால் வலி, கோழி. மகனைப் பற்றி மாதக்கணக்கில் ஒரு கேள்வியும் இல்லை. ஒருநாள் முருங்கைக்காய் சீவிக்கொண்டிருக்கையில் மச்சாள் தானாகத் தொடங்கினாள். பைலில் இல்லாத கதை அது. அவன் கத்தரிக்காய் தின்னமாட்டான் என்ற கதை.

சித்தப்பாவிடம் இதைச் சொல்லும். இறந்தவருக்கு எட்டாம் நாள் சடங்கும் முப்பத்தோராம் நாள் சடங்கும் இருக்கின்றன. காணாமல் போனவருக்கு எது? போலீன் பாஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியை, வியட்நாமில் காணாமல் போன விமானிகளின் மனைவிமாரோடு வேலை செய்தபோதே இதை ஆராயத் தொடங்கினார். இப்படியான இழப்பை முடித்துவைக்கச் சொல்லி நெருக்கக்கூடாது, இருக்கிறானா இல்லையா என்ற இரண்டையும் சேர்த்துச் சுமக்கத் துணை நிற்க வேண்டும் என்பது அவர் சொல்வது. இலங்கைச் சட்டமே 2016-இல் மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனதற்கான சான்றிதழுக்கு இடம் கொடுத்தது. சட்டத்துக்கு விளங்கினது சித்தப்பாவுக்கு விளங்கவில்லையாக்கும்.

திருவிழா வருமுன் கோயில்காரரிடம் வெடி எத்தனை மணிக்கு என்று கேட்டு, அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லும். படலைக்கு எண்ணெய் விடும். கிளினிக்குக்கு நீரும் கூடப் போகவேண்டும், ஆனால் உள்ளே அம்மா தனியாக டொக்டரோடு கதைக்கட்டும். போனில் உள்ள பதிவுகளை என்ன செய்வது என்று அம்மாவிடமே கேளும். அழிக்கச் சொன்னால் அவவுக்கு முன்னாலேயே அழித்துவிடும்.