ஆரக்கிள் டேட்டாபேஸ்ல எல்லா செஷனுக்கும் (லாகின் ஆகுற ஒவ்வொரு கனெக்ஷனுக்கும்) ஒரே டேட் ஃபார்மேட்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ஸ்பிஃபைல்ல (சர்வரோட செட்டிங் ஃபைல்) என்எல்எஸ்_டேட்_ஃபார்மேட் (தேதி காட்டுற முறை) மாத்தி டேட்டாபேஸ ரீஸ்டார்ட்டும் பண்ணிட்டேன், இன்னும் 05-மார்-24 மாதிரியே தான் வருது. ஏன்?

பதில்: நீங்க செஞ்சதுல தப்பு இல்ல தம்பி, ஆனா சர்வர்ல வைக்கிற வேல்யூவுக்கு மவுசு கம்மி. கிளையண்ட் மெஷின்ல என்எல்எஸ்_லாங் (மொழியும் டெரிட்டரியும், அதாவது நாடும், சொல்ற வேரியபிள்) செட் ஆகியிருந்தா (விண்டோஸ்னா ரெஜிஸ்ட்ரியிலயும் பாருங்க) லாகின் ஆகும்போதே அதுல இருக்குற டெரிட்டரிய வெச்சு ஃபார்மேட் முடிவாயிடும், சர்வர்ல இருக்குறத யாரும் சீண்டக்கூட மாட்டாங்க. டெரிட்டரி அமெரிக்கான்னா டிடி-மான்-ஆர்ஆர் (நாள்-மாசப்பேரு-ரெண்டு இலக்க வருஷம்) தான் வரும். என்எல்எஸ்_இன்ஸ்டன்ஸ்_பாராமீட்டர்ஸ், என்எல்எஸ்_செஷன்_பாராமீட்டர்ஸ் ரெண்டு வியூவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க, புரிஞ்சிரும்.

கேள்வி: எங்களுது ஜாவா அப்ளிகேஷன். சர்வர்ல என்விரான்மெண்ட் வேரியபிள் எக்ஸ்போர்ட் பண்ணியும் எடுபடல ப்ரோ.

பதில்: எடுபடாது. ஜேடிபிசி தின் டிரைவர் (ஜாவாவ ஆரக்கிளோட இணைக்கிறது) அதையெல்லாம் படிக்காது, ஜாவா ஓடுற ஜேவிஎம்மோட லொகேல (மொழி, நாடு செட்டிங்க) எடுத்து மொழியையும் டெரிட்டரியையும் தானே செட் பண்ணிக்கும்.

கேள்வி: அப்போ ஒரே எடத்துல வெச்சு எல்லாருக்கும் வர்ற மாதிரி பண்ண வழியே இல்லையா சார்?

பதில்: இருக்கு, ஆஃப்டர் லாகான் ஆன் டேட்டாபேஸ் டிரிகர், அதாவது யார் லாகின் ஆனாலும் தானா ஓடுற கோட். உள்ள எக்ஸிக்யூட் இம்மீடியட் போட்டு 'ஆல்டர் செஷன் செட் என்எல்எஸ்_டேட்_ஃபார்மேட் = ''ஒய்ஒய்ஒய்ஒய்-எம்எம்-டிடி ஹெச்ஹெச்24:எம்ஐ:எஸ்எஸ்''' அவ்ளோதான், உள்ள வர்ற மேற்கோள் குறிய ரெட்டையா போட மறந்துடாதீங்க. ஆனா ஒண்ணு, இந்த டிரிகர் எரர் அடிச்சா சாதாரண யூசர் ஒருத்தரும் உள்ள வர முடியாது, டிபிஏ (டேட்டாபேஸ் அட்மின்) மட்டும் தான் வர முடியும். அதனால எக்ஸெப்ஷன் வென் அதர்ஸ் தென் நல் (எந்த எரர் வந்தாலும் கண்டுக்காம விட்டுரும்) போட்டுருங்க, மத்த எடத்துல அத யாராச்சும் எழுதுனா திட்டுவேன், இங்க மட்டும் ஓகே.

கேள்வி: டிரிகர் போட்டும் எஸ்க்யூஎல் டெவலப்பர்ல மாறலயே?

பதில்: அது கனெக்ட் ஆனப்புறம் தன்னோட செட்டிங்க திருப்பிப் போட்டுக்கும். டூல்ஸ், ப்ரிஃபரன்சஸ், டேட்டாபேஸ், என்எல்எஸ் போய் அங்கயே மாத்துங்க. கனெக்ஷன் பூல் வெச்சிருக்கவங்களும் கவனிங்க, ஏற்கனவே திறந்து கெடக்குற செஷனுக்கு டிரிகர் ஓடாது, பூல ரீஸ்டார்ட் பண்ணணும்.

கேள்வி: எல்லா ரெக்கார்டும் 10:03, 14:03, 18:03னே காட்டுதே, பேய் புடிச்சிருக்கா?

பதில்: ஹெச்ஹெச்24:எம்எம்னு போட்டிருப்பீங்க. எம்எம்னா மாசம், உங்க ரெக்கார்டெல்லாம் மார்ச் மாசத்துது. நிமிஷத்துக்கு எம்ஐ.

கேள்வி: ஃபார்மேட் மாத்துனா டேபிள்ல இருக்குற டேட்டா மாறுமா?

பதில்: மாறாது. டேபிள்ல டேட் உள்ள எப்பவும் 7 பைட் தான், ஃபார்மேட் காட்டுறதுக்கும் ஸ்ட்ரிங்க டேட் ஆக்குறதுக்கும் மட்டும்.

கேள்வி: அப்போ நைட்டு புரொடக்ஷன்ல போட்டுரலாமா?

பதில்: அவசரப்படாதீங்க, மொதல்ல பழைய கோட கிரெப் பண்ணி (தேடி) பாருங்க. '01-02-2024'னு டு_டேட் (ஸ்ட்ரிங்க தேதியாக்குற ஃபங்ஷன்) இல்லாம எழுதியிருந்தா ஒரு ஃபார்மேட்ல பிப்ரவரி 1, இன்னொண்ணுல ஜனவரி 2, எரரே வராம தப்பான ரோஸ் வரும், '13-02-2024' வரும்போது தான் ஓஆர்ஏ-01843 அடிக்கும். அதவிட மோசம் டு_டேட்(சிஸ்டேட்), சிஸ்டேட்னா இப்போதைய தேதியும் நேரமும். பழைய டிடி-மான்-ஆர்ஆர்ல அது நேரத்த வெட்டிரும், அத நம்பியே இன்னைக்கு பில்ல எடுக்க வேர் பில்_டேட் = டு_டேட்(சிஸ்டேட்)னு எழுதி வெச்சிருப்பாங்க. நீங்க நேரத்தோட டீஃபால்ட் வெச்ச அடுத்த நிமிஷம் அது வெட்டாது, ஈக்வல் எதுக்கும் மேட்ச் ஆகாது, ரிப்போர்ட் காலியா வரும், லாக்ல ஒண்ணும் இருக்காது. அந்த எடத்துல எல்லாம் நேரத்த வெட்டுற டிரங்க்(சிஸ்டேட்) போடுங்க, ஸ்ட்ரிங் இருக்குற எடத்துல டு_டேட்டுக்கு ஃபார்மேட்ட கையால எழுதுங்க இல்லன்னா டேட் '2024-02-01'னு லிட்டரலா எழுதுங்க, அது எந்த என்எல்எஸ்ஸுக்கும் அசையாது. அதெல்லாம் முடிச்சிட்டு டிரிகர போடுங்க.