நூலகத்தில் சட்டம் தேடுவோர் கேள்விகள்: ஓய்வுபெற்ற நூலகர் பதில்கள்

மாவட்ட மைய நூலகத்தின் குறிப்புதவிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சட்ட நூல்களைத் தேடுவது பற்றிக் கேளுங்கள் என்று சொன்னேன், நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. பதில் தெரிந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

திருவண்ணாமலை: கிளை நூலகத்தில் சட்டப் புத்தகம் கேட்டால் போட்டித் தேர்வு அலமாரியைக் காட்டுகிறார்கள். வேறு எங்கே போவது அம்மா?

மாவட்ட மைய நூலகத்துக்குப் போங்கள். அங்கே குறிப்புதவிப் பிரிவு தனியாக இருக்கும். அந்த நூல்களை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. உட்கார்ந்து படித்து நோட்டில் எழுதிக்கொள்ளலாம். பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் டூயி முறையைப் பின்பற்றும் நூலகம் என்றால் முதுகில் 340-களில் எண் இருக்கும் நூல்களைப் பாருங்கள். சென்னைக்கு வர முடிந்தால் எழும்பூர் கன்னிமாராவுக்குப் போகலாம். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி பெற உரிமையுள்ள நூலகங்களில் அதுவும் ஒன்று. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன.

மேசைக்குப் போனதும் பிரிவு எண்ணைச் சொல்லிக் கேட்காதீர்கள். "வாடகை முன்பணம் திரும்ப வரவில்லை, அதைப் பற்றிப் படிக்க வேண்டும்" என்று பிரச்சனையைச் சொல்லுங்கள். தயக்கமே வேண்டாம். 1948-ஆம் ஆண்டு நூலகச் சட்டப்படி உங்கள் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள்.

விழுப்புரம்: எங்கள் நூலகத்தில் இந்திய தண்டனைச் சட்டம், விளக்கவுரையோடு தடிமனாக இருக்கிறது. அதைப் படித்தால் போதுமா?

எந்தச் சட்டப் புத்தகத்தைத் திறந்தாலும் முதலில் பதிப்பாண்டைப் பாருங்கள். இன்று வேறு எதையும் நீங்கள் நினைவில் வைக்காவிட்டாலும் இதை வையுங்கள்.

2024 ஜூலை 1 முதல் 1860-ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சாட்சியச் சட்டத்துக்குப் பதில் பாரதிய சாக்ஷ்ய அதினியம். தண்டனைச் சட்டத்தின் 511 பிரிவுகள் 358 ஆகிவிட்டன. எல்லோர் வாயிலும் இருக்கும் 420 இப்போது 318-இல் இருக்கிறது. கொலைக்கான 302, 103 ஆகிவிட்டது. பழைய எண்ணைப் போட்டு மனு எழுதிக்கொண்டு போனால் ஸ்டேஷனிலேயே திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள்.

அதற்காக அந்தத் தடிப் புத்தகத்தைக் கழித்துவிடச் சொல்லாதீர்கள். 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டம்தான் பொருந்தும். அந்த வழக்குகள் இன்னும் பல வருஷம் ஓடும். சம்பவத் தேதியை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு புத்தகத்தைத் தேர்ந்தெடுங்கள். இப்போதைய சட்ட வாசகம் இந்தியா கோட் அரசுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

நாகர்கோவில்: வீட்டைக் காலி செய்துவிட்டேன், முன்பணத்தைத் தர மறுக்கிறார்கள். நூலகத்தில் 1960-ஆம் ஆண்டு வாடகைச் சட்ட நூல் கிடைத்தது.

அதை மூடிவைத்துவிடுங்கள். 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம் இருக்கிறது. அதில் 11-ஆம் பிரிவைப் படியுங்கள். நீங்கள் தரவேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு, காலி செய்த ஒரு மாதத்துக்குள் முன்பணத்தைத் தர வேண்டும் என்று அது சொல்கிறது.

ஆவடி: பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது?

அதே 11-ஆம் பிரிவு. மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது, ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாவிட்டால்தான். ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முன் படியுங்கள்.

மன்னார்குடி: அப்பாவின் பரம்பரைச் சொத்தில் எனக்குப் பங்கில்லை என்று அண்ணன்கள் ஒரு பழைய புத்தகத்தைக் காட்டுகிறார்கள். எனக்கு 1985-இல் கல்யாணம்.

அம்மா, அந்தப் புத்தகம் எந்த வருஷப் பதிப்பு என்று அவர்களைக் கேளுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 1989-இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் மகள்களுக்குப் பங்கு கொடுத்தது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் கல்யாணமானவர்களை விட்டுவிட்டது. உங்கள் அண்ணன்கள் நிற்பது அங்கேதான். 2005 செப்டம்பர் 9-இல் மத்திய அரசின் திருத்தம் வந்து, மகளுக்குப் பிறப்பிலேயே மகனுக்குச் சமமான உரிமை கொடுத்தது. கல்யாணம் ஆனவரா என்று அது பார்க்கவில்லை. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று வினீதா சர்மா வழக்கில் 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கவனிக்க வேண்டியவை இரண்டு. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பத்திரத்தாலோ நீதிமன்ற ஆணையாலோ பாகப்பிரிவினை முடிந்திருந்தால் அதைத் திறக்க முடியாது. அப்பா சொந்தமாகச் சம்பாதித்த சொத்து என்றால் உயில் மூலம் யாருக்கும் கொடுத்திருக்கலாம். பதிவுத் துறை தளத்தில் வில்லங்கம் பார்த்துக்கொண்டு, வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் அங்கே இலவசமாக வக்கீல் தருவார்கள்.

கும்பகோணம்: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். கணவர் வீட்டை விட்டுத் துரத்திய பெண்ணை நூலகத்துக்கு அழைத்துப் போனேன். "புத்தகம் எடுத்துத் தருகிறேன், எந்தப் பிரிவு பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்" என்றார் நூலகர். இது என்ன சேவை?

அவர் செய்தது சரி, ஐயா. எந்த நூல், எது புதுப் பதிப்பு, பொருளடைவில் எப்படித் தேடுவது, எந்த அலுவலகத்துக்குப் போவது, இதையெல்லாம் அவர் சொல்ல வேண்டும். "உங்கள் விஷயத்துக்கு இதுதான்" என்பது வேறு. அந்தப் பெண் ஐந்து நிமிஷத்தில் சொன்ன பாதிக் கதையைக் கேட்டுக் கொடுமைக்கான பிரிவைக் காட்டிவிட்டால் அவர் ஸ்டேஷனுக்கு மட்டும் அலைவார். அவருக்கு அன்றிரவு தேவைப்பட்டது தலைக்கு மேல் கூரை. அதற்கு 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் அந்த வீட்டிலேயே குடியிருக்க மாஜிஸ்திரேட்டிடம் ஆணை கேட்க வழியிருக்கிறது. பெண்கள் உதவி எண் 181-க்கும் அழைக்கலாம்.

மறுபடி கும்பகோணம்: இதை இப்போது நீங்கள் சொன்னீர்களே, அதைத்தான் அவரும் சொல்லியிருக்க வேண்டும்! சட்டம் தெரிந்தவர் பேசாமல் இருந்தால் ஏழைகள் கோர்ட் வாசல் புரோக்கரிடம்தான் போவார்கள்.

நியாயம். வழிகள் எவை என்று காட்டுவது நூலகர் வேலை, ஒன்றைத் தேர்ந்து கொடுப்பது வக்கீல் வேலை. மறுப்பை மட்டும் சொல்லி, 15100 என்ற சட்ட உதவி எண்ணைக்கூடத் தராமல் அனுப்பியிருந்தால் அவர் தவறியிருக்கிறார்.

சேலம், வழக்கறிஞர்: அட்வகேட்ஸ் சட்டம் 45-ஆம் பிரிவின்படி நூலகருக்கு ஆறு மாதம் சிறைகூட வரலாம்.

வராது. அந்தப் பிரிவு நீதிமன்றத்திலோ அதிகாரிகள் முன்போ உரிமையில்லாமல் தொழில் செய்வோரைப் பற்றியது. நூலகர்களை இப்படிப் பயமுறுத்தித்தான் வாயே திறக்காதவர்களாக ஆக்கிவைத்திருக்கிறோம்.

மூன்றாம் முறை கும்பகோணம்: அப்படியானால் சட்டப் பணிகள் குழுவின் ஆள் ஒருவர் வாரம் ஒருநாள் நூலகத்தில் உட்காரட்டுமே.

இதை முழு மனதோடு ஆதரிக்கிறேன். குழுவிடம் பயிற்சி பெற்ற சட்டத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். உங்கள் நூலக வாசகர் வட்டத்தின் பெயரில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். மாவட்ட நீதிபதிதான் அதற்குத் தலைவர். கடிதத்தை எழுதிக் கொடுக்க நான் தயார்.

கரூர்: செக் திரும்பிவிட்டது. எந்தப் பிரிவில் கேஸ் போடலாம்?

மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு. வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ், அது கிடைத்ததிலிருந்து பணம் தர 15 நாள் அவகாசம், அதன் பிறகு ஒரு மாதத்துக்குள் புகார். நூலகத்தில் நேரம் கழிக்காதீர்கள், வக்கீலிடம் போங்கள்.

பெரம்பலூர், ஓசூர், இன்னும் பலர்: எந்தப் பிரிவில் கேஸ் போடலாம்?

கும்பகோணத்துக்கு எழுதியதைப் படியுங்கள். இந்தக் கேள்விக்கு இனி பதில் எழுத மாட்டேன்.

தஞ்சாவூர்: ஏஐ ஒரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எண்ணோடு தந்தது. மனுவில் போடலாமா?

உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைத் தரும் இ-எஸ்சிஆர் தளத்தில் அந்தத் தீர்ப்பைத் திறந்து படித்துப் பார்க்காமல் போடாதீர்கள். இல்லாத தீர்ப்பையும் இருப்பதுபோல் எழுதித் தருகிறது.

திண்டுக்கல்: ஃபிரிட்ஜ் வாங்கி ஏமாந்தேன். வக்கீல் இல்லாமல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

போகலாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். 1986-ஆம் ஆண்டுச் சட்ட நூலைப் பார்த்து எழுதாதீர்கள். இப்போது இருப்பது 2019-ஆம் ஆண்டுச் சட்டம். மறுபடியும் சொல்கிறேன், பதிப்பாண்டு.

அரியலூர்: அப்பா பஸ் விபத்தில் இறந்து நாலு மாதம் ஆகிறது. இழப்பீட்டு மனுவுக்குக் கால வரம்பு இல்லை என்று நூலகப் புத்தகத்தில் இருக்கிறது. காரியங்கள் முடிந்த பிறகு நிதானமாகப் போடலாமா?

வேண்டாம் தம்பி. அந்தப் புத்தகம் பழையது. 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். எஃப்.ஐ.ஆர். நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, அப்பாவின் வயதுக்கும் வருமானத்துக்கும் ஆதாரம், வாரிசுச் சான்று இவற்றைச் சேர்க்கத் தொடங்குங்கள். எல்லாம் கிடைக்கும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே 15100-க்குப் பேசுங்கள். உங்கள் அம்மாவையும் மனுதாரராகச் சேருங்கள், அவருக்கு இலவசச் சட்ட உதவி உண்டு.